டூல்ஸ் பையில் பொரி

பையின் ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டேன். ஸ்பேனர் இருக்க வேண்டிய இடத்தில் பொரி இருந்தது.

கைதான் ஏமாற்றுகிறதோ என்று நினைத்தேன். அப்போதுதான் ஜீப்புக்கு அடியிலிருந்து முதுகெல்லாம் செம்மண்ணோடு எழுந்து வந்திருந்தேன். இன்னும் ஆழமாகத் துழாவினேன். வாழையிலைப் பொட்டலத்தில் சுண்டல். அதற்குக் கீழே இரண்டு தேங்காய் மூடி. அடியில் ஒரு சீப்பு பூவன் பழம்.

"இன்னா பாப்பா, கெடச்சிச்சா?" என்றார் அப்பா.

"கெடச்சிச்சிப்பா. பொரி சாப்பிடுறியா?"

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, தார் ரோடு முடிந்து மண் பாதை ஆரம்பித்துக் கொஞ்ச தூரம். விஜயதசமி, திங்கட்கிழமை காலை. ஜீப்பின் பம்பரில் இருபுறமும் வாழைக்கன்று, கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி, முகப்பில் சாமந்தி மாலை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. மாப்பிள்ளைக்கு இடுப்புதான் கழன்றிருந்தது.

இந்தத் தொடரில் புதிதாக நுழைகிறவர்களுக்கு ஒரு வரி. அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு வாடகை ஜீப் ஓட்டுகிறவர். நான் சேலத்தில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, ஊரிலேயே ஒரு டிராக்டர் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் இரண்டு மெக்கானிக்குகள் இருப்பதாக அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாள். அதனால்தான் எங்கள் வண்டி ஓடுவதில்லை என்றும் அதே மூச்சில் சொல்வாள்.

என்ன உடையும்?

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெறும் பையல்ல. பல மாத ஆராய்ச்சி.

எங்கள் சர்வீஸ் சென்டருக்கு அவ்வப்போது சென்னையிலிருந்து மலைப்பாதைப் பிரியர்கள் வருவார்கள். சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குகிற கூட்டம். அதில் ஒருவர் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு ஒரு டூல் பாக்ஸ். இழுக்க இழுக்க அறைகள். எந்த ஸ்பேனரும் பிளாஸ்டிக் உறையை விட்டு வெளியே வந்ததில்லை. அவர் எங்களிடம் வந்தது எதற்கு என்று கேட்டால், அந்தப் பெட்டியின் கனத்தில் பின் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டதாம்.

அன்றைக்கு முடிவு செய்தேன். நல்ல டூல் எது என்பது தப்பான கேள்வி. இந்தப் பாதையில் இந்த வண்டியில் எது உடையும், உடைந்தால் தார் ரோடு வரை கொண்டுவர என்ன போதும் என்பதுதான் கேள்வி. மலையில் வண்டியைச் சரிசெய்ய வேண்டியதில்லை. ரோட்டுக்குக் கொண்டுவந்தால் போதும். சரிசெய்யத்தான் கள்ளக்குறிச்சி இருக்கிறது.

ஒரு சாயங்காலம் அப்பாவை உட்காரவைத்து, அவர் வாழ்நாளில் மலையில் நின்றுபோன கதைகளை எல்லாம் கேட்டேன். கேட்டது தப்பு. ஒவ்வொரு கதையும் கல்யாணத்தில் ஆரம்பித்து யாரோ ஒருவரின் மச்சான் செய்த துரோகத்தில் முடிந்தது. இடையில் எங்கேயாவது ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும்.

வடிகட்டிப் பார்த்ததில் சங்கதி சின்னது. பஞ்சர். கல் கிழித்த டயர். வெடித்த ரேடியேட்டர் ஹோஸ். அறுந்த பெல்ட். ஆட்டத்தில் கழன்ற பேட்டரி முனை. எல்லாவற்றையும் விட அதிகமாக, லூசாகிப்போன நட்டு. மலைப்பாதை எதையும் உடைப்பதைவிட, எல்லாவற்றையும் பொறுமையாகக் கழற்றுகிறது.

அதன்படி பை நிறைந்தது. எட்டிலிருந்து இருபத்திரண்டு வரை ரிங் ஸ்பேனர். கட்டிங் பிளேயர், பூட்டிக்கொள்கிற பிளேயர். இரண்டு திருப்புளி. ஒரு சுத்தி. பஞ்சர் ஒட்டும் சாமான், கைப் பம்ப். ஹோஸ் கிளிப், ஒரு பெல்ட், ஃபியூஸ், கொஞ்சம் ஒயர். கட்டுக்கம்பி ஒரு சுருள். சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்த பட்டைகள், இவை எதையும் எதோடும் கட்டும். ஜாக்கிக்கு அடியில் போட ஒரு பலகை, ஏனென்றால் மழை பெய்த செம்மண்ணில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான் இறங்கும்.

அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இவ்ளோ எதுக்கு? வண்டில சவாரி ஏத்தணுமா, இரும்பு ஏத்தணுமா?"

"உனக்கு இன்னா வேணும்னு சொல்லுப்பா."

"சுத்தி ஒண்ணு. கம்பி கொஞ்சம். மீதி வாய்."

சோப்பும் மஞ்சளும்

வாய் என்று அவர் சொன்னது விளையாட்டில்லை. அப்பாவின் தலைமுறை டூல் கிட்டில் மூன்று சாமான்தான் உண்டு. டீசல் டேங்க் கசிந்தால் பூசி அடைக்க ஒரு துண்டு சோப்பு. ரேடியேட்டர் ஒழுகினால் உள்ளே போட ஒரு கை மஞ்சள் தூள். இரண்டும் பலிக்காவிட்டால் போகிற வண்டியை நிறுத்த வாய்.

திருக்கோவிலூரில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை ரேடியேட்டர் ஒழுக, வண்டியிலிருந்த பெண் வீட்டுக்காரர்களின் சீர்த்தட்டிலிருந்து மஞ்சளை எடுத்துப் போட்டுவிட்டார். கசிவு நின்றது. சம்பந்திச் சண்டை ஆரம்பித்தது. தட்டில் மஞ்சள் இல்லாமல் எப்படி வந்தீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, ஜீப்பு குடித்துவிட்டது என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

மஞ்சள் ரேடியேட்டரின் நுண்குழாய்களை அடைத்துக் கடைசியில் இன்ஜினையே கொல்லும் என்று நான் விளக்கினேன்.

"கொல்லட்டும். அன்னிக்கித் தாலி கட்டியாச்சில்ல" என்றார்.

கடைசியில் பேரம் படிந்தது. இருபத்திரண்டை விட்டுக்கொடுத்தேன். அவர் கைப் பம்பை ஒப்புக்கொண்டார். கெட்டிக் கான்வாஸ் துணியில், கனமான ஜிப் வைத்து ஒரு பை தைத்தேன். வீட்டிலேயே உறுதியான பை அதுதான் என்று எல்லோரிடமும் காட்டினேன். அம்மாவிடமும்.

சாமிக்கு முன்னால்

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் வருஷத்தின் பெரிய சர்வீஸ். அம்மா தலைமை. முதல் நாளே ஜீப்பிலிருந்து டூல்ஸ் எல்லாம் இறங்கிவிடும். மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம். சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் படுத்திருக்கும். நான் மாதாமாதம் எண்ணெய் போடச் சொன்னால் போடாத வீடு, வருஷத்துக்கு ஒரு நாள் நட்டுக்குக்கூடப் பொட்டு வைக்கும்.

வைத்தால் எடுக்கக் கூடாது. மறுநாள் மறுபூஜை போட்டு, கற்பூரம் காட்டி, லேசாக நகர்த்திவைத்த பிறகுதான் தொடலாம். அதுவரை அவற்றுக்கு விடுமுறை. இந்த ஊரில் தொழிலாளிக்குக் கிடைக்காத விடுப்பு ஸ்பேனருக்குக் கிடைக்கும்.

விஜயதசமியன்று நாங்கள் விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். வாசலில் பை தயாராக இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. அம்மா மறுபூஜையை முடித்து நிரப்பிவிட்டாள் என்று நினைத்து வண்டியில் போட்டேன். அம்மாவின் கணக்கில் எல்லாம் சரி. சாமான்கள் சாமியிடம். மலைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது, பிரசாதம் பையில். உறுதியான பையாக வேறு இருக்கிறது.

மலையில் ஒரு பாறையில் ஏறிப் பார்த்தபோது போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது.

"அம்மா, டூல்ஸ் எங்க?"

"சாமி கிட்ட. மறுபூஜை இன்னும் போடலியே. ஏன், அங்க எதுக்கு உனக்கு?"

"சும்மாதான் கேட்டேன்."

"சுண்டல் ஊசிப்போறதுக்குள்ள குடுத்துடுங்க."

மல்லிகாவின் ரயில்

நாங்கள் போனது மல்லிகாவை அழைத்துவர.

மல்லிகா சேலத்து விடுதியில் என் அறைத்தோழி. நான் இன்ஜினைப் பிரிக்கப் படித்தபோது அவள் நர்சிங் படித்தாள். அந்த மலையூரில் முதலில் அந்தப் படிப்பு படித்தவள் அவள்தான். பெங்களூருக்கும் அப்பால் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். சின்னசேலத்தில் சாயங்கால ரயிலைப் பிடித்தால் சேலத்தில் இன்னொன்று. தார் ரோட்டில் வருகிற பஸ் விடிகாலையிலேயே போய்விட்டது. அடுத்தது ரயில் போன பிறகுதான் கீழே சேரும். ஆகவே ஜீப்.

அந்த ஜீப்பின் பின் அச்சை ஸ்பிரிங்கோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டில், வலது பக்கத்து நட்டுகள் நான்கும் கடைசி மரை வரை கழன்றிருந்தன. மேடேறும்போதே 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். அப்பா அதைப் பாட்டின் தாளம் என்றார். நான் நிறுத்தச் சொல்லி அடியில் புகுந்தேன். இறக்கத்தில் அச்சு நகர்ந்தால் வண்டி கோணிக்கொள்ளும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

எதற்கும் பயப்படாத அப்பாவே குனிந்து பார்த்துவிட்டு, "இப்பிடி எறங்கக் கூடாது பாப்பா" என்றார்.

வேண்டியது ஒரே ஒரு ஸ்பேனர். பத்தொன்பதாம் நம்பர். நான் விரலால் திருகினேன், அப்பா கல்லால் தட்டினார். நட்டு எங்களைப் பார்த்து நகைத்தது. ஊர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிந்தது. பொரிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

எமகண்டம் முதல் குளிகை வரை

மல்லிகாவின் அப்பா அண்ணாமலை மரவள்ளி போடுகிறவர். பவர் டில்லர் வைத்திருக்கிறார். அதற்கு ஸ்பேனர் செட்டும் வைத்திருக்கிறார். பத்தொன்பது அதில் கட்டாயம் இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் அதை நேருக்கு நேர் பார்த்தேன். மூலையில் சாமி படத்துக்கு முன்னால், சந்தனப் பொட்டோடு படுத்திருந்தது.

"வாங்கண்ணே, உக்காருங்க. வா தாயி" என்றார். விஷயத்தைச் சொன்னோம். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"ஆமாமா, கழண்டா ஆபத்துதான். ஆனா சாமிக்கு வெச்சத மறுபூஜ போடாம எடுக்க முடியுமா? நீயே சொல்லு."

"போட்டுடலாமே சித்தப்பா."

"இப்ப எமகண்டம்."

"அது முடிஞ்சதும்?"

"உச்சிப் பொழுது. கற்பூரம் காட்டக் கூடாது."

என் அப்பா வெளியே நின்றிருந்த பைக்கைக் காட்டினார். "அண்ணாமல, பொண்ண மட்டும் பைக்ல கீழ வரைக்கும் உட்டுடேன். பொட்டிய அப்பறம் அனுப்பிக்கலாம்."

"வண்டியும் பூஜைலதானண்ணே இருக்குது." பைக்குக்கும் மாலை போட்டிருந்தது.

வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஊரில் ஐந்தாறு பைக் உண்டு. உங்களுடையதைத் தர முடியுமா என்று நான் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒவ்வொருவரும் அண்ணாமலை முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வண்டியும் பூஜையில் இருப்பதாகச் சொன்னார். ஒருவர் அதைச் சொல்லும்போது வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

மல்லிகா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குக் கயிறு கட்டியவர் அவள் அப்பாதான். போகாதே என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. படிக்கும்போது சரி என்றார், ஆர்டர் வந்தபோது பார்க்கலாம் என்றார், முந்தின நாள் கயிறும் கட்டினார். கயிற்றில் நான்கு முடிச்சு.

நான் விடவில்லை. "உச்சி முடிஞ்சப்பறம் சித்தப்பா?"

"அப்பறம் குளிகை வந்துடும்."

"குளிகை நல்லதாச்சே. குளிகைல எது செஞ்சாலும் திரும்பத் திரும்ப நடக்கும்னு சொல்லுவாங்க."

"அதாந்தாயி வேணாங்கிறேன்" என்றார் அண்ணாமலை. "திரும்பத் திரும்ப இவ போய்க்கினேதான இருப்பா."

சொன்னவருக்கே தான் சொன்னது கேட்டிருக்க வேண்டும். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

மறுபூஜை

அடுப்படியிலிருந்து மல்லிகாவின் அம்மா வள்ளி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய்யா, விஜயதசமில தொட்டது தொலங்கும்னு போன வருசம் இதே நாள்ல பவர் டில்லர வாங்கியாந்தியே. அன்னிக்கி எந்த எமகண்டம் பாத்த?"

"அது மெசினு."

"மெசினுக்கு நாள் முழுக்க நல்ல நேரம், பொண்ணுக்கு மட்டும் இல்லியா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தட்டில் கற்பூரம் வைத்தாள். எங்கள் பையிலிருந்த தேங்காய் மூடியையும் பழத்தையும் எடுத்துச் சாமி முன்னால் வைத்தாள். கற்பூரத்தைக் காட்டி, ஸ்பேனர் வரிசையை இரண்டு விரலால் வடக்கே நகர்த்தினாள். கால் நிமிஷ வேலை.

"போட்டாச்சி மறுபூஜ. எட்த்துக்க கண்ணு."

நான் கையை நீட்டினேன்.

"இரு" என்றார் அண்ணாமலை. "எஞ்சாமான அடுத்தவங்க தொட்டா வெளங்காது."

போச்சு என்று நினைத்தேன். அவர் குனிந்து பத்தொன்பதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். பின்னால் மல்லிகாவின் பெட்டியை வாசலில் நின்றிருந்தவர்களில் ஒருவர் பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். அந்த பைக்குக்கு அதற்குள் பூஜை முடிந்துவிட்டது போலும்.

அவரே ஜீப்புக்கு அடியில் புகுந்தார். நான் பக்கத்தில் படுத்து, குறுக்குக்குறுக்காக எந்த நட்டை முதலில், எதை அடுத்து என்று சொன்னேன். சொன்னபடி செய்தார். நான்கும் பிடித்த பிறகும் நிறுத்தவில்லை.

"போதும் சித்தப்பா. ஜாஸ்தி முறுக்குனா மரை போயிடும்."

"எறக்கத்துல கழண்டா?"

"கழலாது."

"நீ சொல்லுவ. உள்ள எம்பொண்ணு உக்காந்திருப்பா." இன்னும் கால் சுற்று. ஸ்பேனர் கிறீச்சிட்டது. அந்த நட்டுக்கு எவ்வளவு முறுக்கு என்று கையேட்டில் அளவு இருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை.

எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "வழில பாக்கணும்ல, நானும் வரேன்" என்று பின்னால் ஏறி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வள்ளி வாசலிலிருந்தே கையை ஆட்டினாள். கூட வந்து அழுதால் இவர் மனசு மாறிவிடும் என்று பயந்தாளாம். இதைப் பிறகு மல்லிகா சொன்னாள்.

சின்னசேலம்

வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி அண்ணாமலை குனிந்து பார்த்தார். இரண்டு தடவையும் நட்டு அசையவில்லை. இரண்டாவது தடவை அவர் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்தது. நேரம் இருந்ததுதான் கஷ்டம். பிளாட்பாரத்தில் அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று, தண்ணீர் பாட்டில் பற்றி மட்டும் பேசினார்கள். வாங்கியாச்சா. வாங்கியாச்சி. மூடி இறுக்கமா இருக்குதா. இருக்குதுப்பா.

வண்டி வந்தது. மல்லிகா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அண்ணாமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் அசைந்தபோது மடியிலிருந்து பத்தொன்பதை உருவி, கம்பிக்கு இடையில் அவளிடம் நீட்டினார். சந்தனம் இன்னும் உதிராமல் ஒட்டியிருந்தது.

"வெச்சிக்க. அங்க கட்டிலு, கதவு எல்லாம் லொடலொடன்னு இருக்கும்."

"அப்பா, இது எதுக்குப்பா..."

"வெச்சிக்கன்னா."

மல்லிகா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் வளைவு திரும்பும் வரை அவள் கை மட்டும் தெரிந்தது.

பத்தொன்பது அளவில் நட்டு போட்ட கட்டில் எந்த மருத்துவமனையிலும் இருக்காது. என் தொழிலறிவு அவ்வளவு சொல்லும். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னது. இதே ஜீப் இப்போது இதே மலையை, இதே நட்டுகளோடு ஏற வேண்டும். உலகத்திலேயே எங்களுக்குக் கிடைத்த ஒரே ஸ்பேனர் சேலம் போய்க்கொண்டிருக்கிறது. பூஜை என்று கடைகளும் சாத்தியிருக்கின்றன. வீட்டுக்குப் போய்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்தால் இருட்டிவிடும்.

அப்பாதான் கேட்டார். "ஏன் அண்ணாமல, அதக் குடுத்துட்டியே. வழில கழண்டா?"

"கழண்டா கழலட்டும்ணே" என்றார் அவர். "எறக்கம் முடிஞ்சிச்சி."

மலையடிவாரத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா பாட்டை நிறுத்தினார். வண்டி முதல் வளைவில் ஏறியது. மூன்று பேரும் காதைக் கொடுத்திருந்தோம். நானும் அப்பாவும் வலது பக்கத்து நட்டுக்கு.

"ஏந்தாயி" என்றார் அண்ணாமலை பின்னாலிருந்து. "அந்த ரயிலு இந்நேரம் சேலம் சேந்திருக்குமா?"